அழிய மறுக்கும் கோப்பை வைத்தது யார்?

சி டிரைவின் பட்டை சிவப்பானதும் பலரும் செய்வது ஒன்றுதான்: எந்தக் கோப்பு பெரிதாக இருக்கிறது என்று தேடிப்பிடித்து டெலிட் அழுத்துவது. விண்டோஸ் மறுக்கிறது. விண்டோஸின் சொந்தக் கோப்புகளுக்கு உரிமையாளரான ‘டிரஸ்டட் இன்ஸ்டாலரின் அனுமதி தேவை’ என்கிறது. அட்மினிஸ்ட்ரேட்டராக நுழைந்திருந்தாலும் இதே பதில்தான். இணையத்தில் தேடினால் கோப்பின் உரிமையைக் கைப்பற்றும் கட்டளைகளும், எதையும் அழித்துத் தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களும் வந்து குவிகின்றன. அந்த வழியில் இறங்குமுன், இந்தக் கோப்பை இங்கே வைத்தது யார் என்று பார்ப்பது நல்லது. வைத்தவர் வழியாகவே எடுக்கப் போனால், பிடிவாதம் பிடிக்கும் கோப்புகளில் பெரும்பாலானவை ஒரு நிமிடத்தில் போய்விடும்.

ஹைபர்னேட் வசதிக்காக விண்டோஸ் வைக்கும் ஹைபர்ஃபில் என்ற மறைகோப்பையே எடுத்துக்கொள்வோம். 16 ஜிபி ரேம் உள்ள கணினியில் இது 6 ஜிபிக்கு மேல் அடைத்துக்கொண்டிருக்கும். நேரடியாக அழிக்க முயன்றால், பயன்பாட்டில் இருப்பதாகப் பதில் வரும். ஆனால் ஹைபர்னேட் வசதியை அணைத்துவிட்டால் விண்டோஸே அதை நீக்கிவிடும். கணினி சட்டென்று தொடங்க உதவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் கூடவே போய்விடும் என்பது மட்டுமே இழப்பு. பழைய பதிப்பு குடியிருக்கும் விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டரும் இப்படித்தான். டிஸ்க் கிளீனப்பில் ஒரு டிக் போதும். இவற்றைவிட ஏமாற்றுவது விண்டோஸ் தன் உறுப்புகளைச் சேமிக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர். பல ஜிபி என்று காட்டும் அதன் அளவில் பாதி கண்கட்டு. சிஸ்டம்32-இல் தெரியும் கோப்புகள் பலவும் இங்கே இருப்பவற்றின் இன்னொரு பெயர்தான். டிஸ்க்கில் இருப்பது ஒரே பிரதி. சிஸ்டம்32-இல் ஒரு பெயரை மல்லுக்கட்டி அழித்தாலும் ஓர் எம்பி இடம்கூட மிச்சமாகாது, அதை நம்பியிருக்கும் நிரல் மட்டும் நின்றுபோகும்.

என் காசில் வாங்கிய கணினியில் எனக்கே தடையா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் தடை இல்லாத காலத்தையும் பார்த்தாயிற்று. விண்டோஸ் 98-இல் எந்தக் கோப்பையும் யாரும் அழிக்கலாம். 2001-இல் ஒரு மின்னஞ்சல் சுற்றியது: சல்ஃப்என்பிகே என்ற கோப்பு உங்கள் கணினியில் இருந்தால் அது வைரஸ், உடனே அழித்துவிட்டு நண்பர்களுக்கும் சொல்லுங்கள் என்று. தேடியவர்களுக்கெல்லாம் அது கிடைத்தது, கிடைக்காமல் எப்படி? நீளமான கோப்புப் பெயர்களைக் காப்பதற்காக விண்டோஸுடனேயே வந்த கோப்பு அது. வைரஸே இல்லாமல், பயனர்களின் கையாலேயே வேலை முடிந்தது. விண்டோஸ் 2000 அழித்த கோப்பைத் தானே திரும்ப வைத்தது. விஸ்டாவிலிருந்து அழிக்கவே விடுவதில்லை.

அழிய மறுக்கும் கோப்பு உண்மையிலேயே வைரஸாக இருந்தால்? அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது அதன் முகவரியைத்தான். விண்டோஸ் சேவைகளை இயக்கும் எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயர் சிஸ்டம்32-இல் இருந்தால் இயல்பு, டெம்ப் ஃபோல்டரில் இருந்தால் சந்தேகம். ஓடிக்கொண்டிருக்கும்போது அதை அழித்தால் கூட்டாளி நிரல் மறுபடி எழுதிவிடலாம். எனவே விண்டோஸ் முழுதாக எழும் முன்பே தேடும், விண்டோஸின் சொந்த வைரஸ் தடுப்பான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன்தான் சரி.

கையால் அழித்தே தீர வேண்டிய நாளும் வந்ததுண்டு. 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய ஒரு பழுதான கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். சேஃப் மோடில் நுழைந்து, டிரைவர்ஸ் ஃபோல்டருக்குள் 291 என்ற எண் தாங்கிய கோப்பை அழிப்பதே தீர்வு. இது என் வாதத்துக்கு எதிரானது போலத் தோன்றலாம். ஆனால் எந்த ஃபோல்டர், எந்தக் கோப்பு என்பதைச் சொன்னது அதை வைத்த நிறுவனமேதான். ஊகித்து அழிக்க வேண்டியிருக்கவில்லை. அழிப்பதற்கு ஒரு நொடி போதும். அதுவரை போய்ச் சேர, டிஸ்க்கைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர் பூட்டியிருந்த கணினி ஒவ்வொன்றிலும் 48 இலக்க மீட்பு எண்ணைத் தட்ட வேண்டியிருந்தது. சில அலுவலகங்களில் அந்த எண்களைச் சேமித்திருந்த சர்வரும் நீலத்திரையில்தான் நின்றது.