சக்கர நாற்காலிக்கேற்ற வண்டியும் பொருளுதவியும்

தென்னையிலிருந்தோ பனையிலிருந்தோ தவறி விழுந்து முதுகுத் தண்டுவடம் பாதிக்கப்பட்டோரும், இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பியோரும் நம் கூட்டுறவுச் சங்கங்களின் அங்கத்தினருள் உளர். கைத்திறன் குன்றாத இவர்கள், நூல் பெறவும் நெய்த துணியை ஒப்படைக்கவும் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் பிறர் தயவையே எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. கூலியில் ஒரு பங்கு ஆட்டோ வாடகைக்கே போய்விடுகிறது. வண்டி இவர்களுக்கு ஆடம்பரமன்று, தொழிற்கருவியேயாகும்.

பொருளுதவி தேடுமுன் எவ்வகை வண்டி வேண்டும் என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுதல் அவசியம். தமிழ்நாடு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, இரு கால்களும் பாதிக்கப்பட்டுக் கைகள் நன்றாக உள்ளவர்களுக்கு இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரை விலையின்றி வழங்குகிறது. ஆனால் அதில் ஏற நாற்காலியை விட்டு இறங்கியாக வேண்டும். இடுப்புக்கு மேல் நிலை தாங்காதவருக்கு அது பொருந்தாது. அத்தகையோர் நாற்காலியின் முன்புறத்தில் மாட்டும் மின்சாரச் சக்கர இணைப்பை ஆராயலாம். சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கி 2021-இல் வெளிவந்த 'நியோபோல்ட்' இவ்வகையினது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரை செல்லும். ஒரு முறை மின்னேற்றினால் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் ஓடும். அதுவும் இயலாதெனில், சாய்பலகை வழியே நாற்காலியோடு ஏற்றிக்கொண்டு மற்றொருவர் ஓட்டும் வேனே வழி. அதை வாங்குமுன், நாற்காலியில் அமர்ந்த நிலையில் உச்சந்தலை வரை அளவெடுத்துக் கதவின் உயரத்தோடு ஒப்பிட வேண்டும். அளவு நாடாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

விலையில்லா ஸ்கூட்டருக்கு விண்ணப்பம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்தும் மூன்று சக்கர வண்டிகள் வாங்கித் தரப்படுவதுண்டு. எங்குச் சென்றாலும் முதலில் கேட்கப்படுவது ஊனத்தின் அளவைக் காட்டும் மருத்துவச் சான்றும் தனித்துவ அடையாள அட்டையுமே. ஆதலின் அவற்றைப் பெற்றபின் மற்றவற்றைத் தொடங்குவது நலம்.

வேன் போன்ற பெருஞ்செலவுக்குக் கடனே கைகொடுக்கும். 1997-இல் மத்திய அரசு நிறுவிய தேசிய மாற்றுத்திறனாளர் நிதி வளர்ச்சிக் கழகம், 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமுற்றவர்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் வழங்குகிறது. தொழில் வாய்ப்பைப் பெருக்கும் துணைக்கருவிகளும் அதன் நோக்கங்களுள் அடங்கும். தமிழகத்தில் இக்கடன் கூட்டுறவு வங்கிகளின் வாயிலாகவே வருவதால், நம் அங்கத்தினர் அயலிடம் தேடி அலைய வேண்டுவதில்லை. விண்ணப்பத்தில் வண்டியின் விலையை மட்டும் எழுதினால் போதாது. சென்ற மூன்று மாதம் வாடகை வண்டிக்குச் செலவான தொகையையும், சொந்த வண்டியால் கூடக்கூடிய வருமானத்தையும் கணக்காக எழுதி இணைத்தால் வங்கியார் தவணையை நிர்ணயிக்க எளிதாகும்.

வரிச் சலுகையையும் கவனிக்க வேண்டும். மாற்றியமைக்கும் உதிரித் தொகுப்புகளுக்கான சரக்கு சேவை வரியை 5 சதவீதமாக்க 2021-இல் முடிவு செய்யப்பட்டது. மாற்றியமைத்த வண்டிக்குச் சாலை வரி விலக்கும் உண்டு. பதிவின்போதே அதைக் கோர வேண்டும். சிறு கார்களுக்கு முன்பு ஊனமுற்றோர் சான்று காட்டிப் பெற்ற 18 சதவீத வரி, 2025 செப்டம்பர் 22 முதல் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. அச்சான்றை எதிர்பார்த்துக் காத்திருப்பதில் பயனில்லை.

பலர் இடறுவது வேறோரிடத்தில். உதவி வருமென்று நம்பி முன்பணம் கட்டிவிடுகிறார்கள். வாங்கிய வண்டிக்குப் பின்னர்ப் பணம் பெறுவது அரிது. உத்தரவு கைக்கு வந்தபின் விலைப்புள்ளியை உறுதி செய்வதே முறை. அவ்வாறே, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதியின்றி வண்டியை மாற்றியமைத்தலும் ஆகாது. மாற்றத்தைப் பதிவுச் சான்றில் ஏற்றியபின் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அறிவிக்க வேண்டும்; இல்லையேல் விபத்து நேர்ந்தபோது இழப்பீட்டில் வழக்கு எழும்.

நிர்வாகக் குழுவினருக்கும் ஒரு வார்த்தை. துணைவிதி இடம் தருமாயின், ஓட்டுநர் உரிமம், காப்பீடு முதலிய சில்லறைச் செலவுகளுக்குப் பொது நல நிதியிலிருந்து உதவலாம். வண்டி வந்தபின் அங்கத்தினர் சங்க வாயிற்படியில் நின்றுவிடக் கூடாது. படியின் உயரம் ஓரடி எனில் பன்னிரண்டடி நீளச் சாய்தளம் வேண்டும். ஒன்றரை அடி எனில் பதினெட்டடி.