விபத்துக்குப் பின் வாங்கும் வாகனம்

மன்னார் நகரிலிருந்து தோட்டவெளி, பேசாலை வழியாகத் தலைமன்னாருக்குச் செல்லும் பெருவீதி, மலையோ மேடோ இல்லாத சமதரையிலே நீண்டு கிடப்பதனால், ஓட்டுபவர் தம்மை அறியாமலே வேகத்தைக் கூட்டிவிடுகின்றார். அந்த வீதியிலேதான் சோளகக் காற்று மணலை அள்ளிக் கொட்டுகின்றது, அந்தி சாய்ந்ததும் மாடுகளும் கழுதைகளும் நடுவீதிக்கு வந்து நிற்கின்றன.

இத்தகைய வீதியிலே பெரும் விபத்தொன்றில் சிக்கிப் பிராணனோடு தப்பியவர், நொறுங்கிய வாகனத்துக்குப் பதிலாக இன்னொன்றை வாங்க முற்படுகையில், என்ஜினின் பலத்தையும் வண்டியின் பாரத்தையுமே முதலில் விசாரிக்கின்றார். ஆனால், வீதியில் ஒரு ஜீவன் திடீரெனக் குறுக்கிட்டு, ஸ்டியரிங்கை ஒடித்துப் பிரேக்கை முழுப்பலத்தோடு மிதிக்க நேரும் அந்தக் கணத்தில் இவ்வாகனம் ஓட்டுபவரின் சொற்கேட்டு நடக்குமா என்பதே அவர் முதற்கண் கேட்க வேண்டிய கேள்வியாகும்.

1997-ஆம் ஆண்டு சுவீடன் தேசத்திலே, குறுக்கே வந்த மிருகத்துக்கு விலகுவது போன்று நடத்தப்பட்ட பரிசோதனையில், மெர்சிடிஸ் பென்ஸ் அப்போது புதிதாக வெளியிட்டிருந்த ஏ வகுப்புக் கார் கவிழ்ந்துவிட்டது. அதன்பின் அக்காரின் அமைப்பைத் திருத்திய நிறுவனம், சறுக்கும் வாகனத்தின் தனிச் சக்கரமொன்றுக்கு மாத்திரம் தானாகவே பிரேக் கொடுத்து அதனை நேர்வழிக்குத் திருப்பும் ‘ஈ.எஸ்.பி.’ என்னும் சாதனத்தை அதன் எல்லாக் கார்களிலும் பொருத்தியது; 2014 நவம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் புதிய கார்கள் யாவற்றுக்கும் அத்தகைய சாதனம் கட்டாயமாயிற்று. சக்கரம் இறுகிப் போகாமற் காத்து, பிரேக் மிதித்தபடியே திரும்ப உதவும் ஏ.பி.எஸ். அதற்கு அடிப்படை. ஸ்போர்ட்ஸ் கார் வாங்க விரும்பும் வாலிபர்களும் இதனை உணர வேண்டும்: தாழ்ந்த உடலும் அகன்ற சக்கர இடைவெளியும் வண்டி கவிழாமற் காப்பனவாயினும், மிகுந்த பலம் பின்சக்கரங்களுக்குப் போகும் வண்டி மணல் படிந்த வளைவிலே அவ்விரண்டு சாதனங்களும் இல்லாமல் எளிதிற் சுழன்றுவிடும், ஸ்பிறிங்கை வெட்டித் தாழ்த்திய வண்டியோ அதன் நல்ல குணத்தையே இழந்து நிற்கும்.

சிறிய கார்களிலும் கவனம் வேண்டும். நம் நாட்டில் மிகப் பழக்கமான மாருதி சுசுகி அல்டோ 800 காரின், காற்றுப்பை இல்லாத இந்தியச் சந்தை வகையை 2014-இல் குளோபல் என்கெப் அமைப்பு மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் மோதிப் பரிசோதித்தபோது, வளர்ந்தோர் பாதுகாப்புக்கு அது ஒரு நட்சத்திரமேனும் பெறவில்லை.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டமையால், பழைய வண்டிகள் பல கைகள் மாறி வருகின்றன. ஆதலின் பணம் கொடுக்குமுன் பகல் வெளிச்சத்தில் நின்று பாருங்கள். கதவுக்கும் உடலுக்கும் இடையேயுள்ள கோடு இருபுறமும் சமமாயிருத்தல் வேண்டும். கடலுப்பு அரித்த துருவைக் காண அடித்தளத்தையும் பிரேக் குழாய்களையும் குனிந்து பார்த்தல் வேண்டும். ரயரின் பக்கத்தில் பொறித்த நான்கு இலக்கங்களில் முதலிரண்டும் வாரத்தையும் பின்னிரண்டும் வருஷத்தையும் குறிப்பன. ‘2316’ எனில், 2016-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் வார்த்த ரயர் அது. சாவியைத் திருப்பியதும் காற்றுப்பை விளக்கு எரிந்து சிறிது நேரத்தில் அணைய வேண்டும். அது எரியவே இல்லையெனில், முந்திய விபத்தில் வெடித்த பையை மாற்றாமல் விளக்கை மாத்திரம் கழற்றிவிட்டார்களோ என்று சந்தேகித்தல் நியாயமே. ஜப்பானிய நிறுவனமான டகாட்டாவின் காற்றுப்பைகள் பல, உஷ்ணமும் ஈரமும் நிறைந்த பிரதேசங்களில் ஆண்டுகள் செல்லச் செல்லக் கெட்டு, வெடிக்கையில் உலோகத் துண்டுகளை வீசி உயிர்களைக் கொன்றுள்ளன. நமது கரையும் அத்தகைய பிரதேசமே ஆதலால், சேசிஸ் இலக்கத்தைத் தயாரிப்பாளரின் முகவரிடம் காட்டி, அவ்வண்டி மீளழைக்கப்பட்டதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வாங்கியபின் ஏமாற்றம் தெரியவந்தால் சட்டம் உங்களைக் கைவிடவில்லை. 1896-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், வாங்குபவர் தம் தேவையைச் சொல்லி விற்பனையாளரின் நிபுணத்துவத்தை நம்பி வாங்கிய பொருள் அத்தேவைக்குத் தகுதியாயிருத்தல் வேண்டுமென்கிறது. 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை, வியாபாரி அளித்த உத்தரவாதத்துக்கு மாறான பொருளைப் பற்றிய முறைப்பாட்டை விசாரிக்கும். அதனை எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் கொடுத்தல் வேண்டும். 1977 என்னும் தொலைபேசி இலக்கத்தில் வழியும் கேட்கலாம். ஆகவே, விபத்துக்குட்பட்ட வண்டியா அன்றா என்பதை விற்பவரின் கையொப்பத்தோடு எழுதி வாங்குதல் பின்னர் பேருதவியாகும்.

நீங்கள் சிக்கிய முந்திய விபத்தில் மற்றவரின் கவனக்குறைவால் காயமடைந்திருந்தால், நஷ்டஈட்டு வழக்கை இரண்டு வருஷங்களுக்குள் தொடுத்தல் வேண்டும். மூன்றாந்தரப்புக் காப்புறுதி கட்டாயமாயினும், அது உங்கள் சொந்த வண்டியின் சேதத்துக்கு ஒரு சதமும் தராது. வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

நல்ல பிரேக்கும், இளமையான ரயரும், உண்மையான பத்திரமும் உள்ள எளிய வண்டியே பளபளப்பான சந்தேக வண்டியிலும் மேலானது. அதனை வாங்கிய பின்னும், பெல்ட் அணியாமல் ஓட்டுவதில்லையென்றும், அந்திநேரத்தில் வேகத்தைக் குறைத்தே செல்வதென்றும் நீங்களே உங்களுக்கு விதித்துக்கொள்ளுங்கள்.