சுண்டெலி தந்த பாடம்

நீராவிப்பிட்டியில் ஒரு ராத்தா தன் மகனைக் காட்டிக் கேட்டார்: "கண்ணும் தெளிவில்ல, ஆளும் வளர்றானில்ல. வயித்துப்பிள்ளையோட நான் கிரகணம் பார்த்தனாம் எண்டு மாமி ஏசுறா. உண்மையா தம்பி?"

அவருக்கு நான் சுண்டெலியின் கதையைச் சொன்னேன்.

கருவில் முன்மூளையும் பிட்யூட்டரி சுரப்பியும் உருவாகும் இடங்களில் ஹெஸ்எக்ஸ்1 என்ற புரதம் இருக்கிறது. அது சில மரபணுக்களை உரிய வேளைவரை அடக்கிவைக்கும் படியெடுப்புக் காரணி. அது இல்லாத எலிகளில் முன்மூளை குறுகியது, கண்கள் சிறுத்தன அல்லது இல்லாமற்போயின, பிட்யூட்டரியும் பிழையாக அமைந்தது. 1998இல் லண்டனின் மெஹுல் டட்டானி குழுவினர், இரத்த உறவில் மணமுடித்த குடும்பமொன்றின் இரு பிள்ளைகளில் இதே மரபணுவின் பழுதைக் கண்டனர். பெற்றோரிடம் ஆளுக்கொரு நல்ல படி இருந்ததால் அவர்களுக்குக் குறையில்லை. பிள்ளைகளுக்கோ இரு படிகளும் பழுது.

மச்சான் மச்சி கலியாணம் ஹராமல்ல. ஆனால் அந்த உறவை வைத்தியரிடம் மறைக்கக்கூடாது. வளராத பிள்ளைகள் எல்லோருக்கும் காரணம் இதுவுமல்ல. எனினும் பார்வைக் குறையும் வளர்ச்சிக் குறையும் சேர்ந்திருந்தால் ஓமோன் பரிசோதனை அவசியம். சுரக்காத ஓமோனை மருந்தாகக் கொடுக்கலாம். பிந்தினால் சாதாரணக் காய்ச்சலே உயிராபத்தாகலாம்.

"கிரகணத்தை விடுங்க ராத்தா, கிளினிக் கொப்பிய எடுங்க" என்றேன்.