இசைவாணையும் ஆணையுறுதியும்

வழக்குமன்ற மொழியை ஆராய்வோர் தீர்ப்புகளையே பெரிதும் நோக்குவர். கட்சிக்காரர் வாய்மொழியை ஆவணமாக்கும் வழக்கறிஞர் அலுவலக எழுத்தரை நோக்குவார் அரியர். கோவை, திருப்பூர் வட்டாரங்களில் ஒழுங்குமுறைச் சட்ட வழக்குகளில் இவர் ஆற்றும் பணியை நொய்யல் வழக்கைக் கொண்டு ஈண்டு விளக்குவாம்.

திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவுநீர் நொய்யலிற் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்திற்கென எழுந்த அணை பாசனத்திற்கு உதவாதாயிற்று. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் 2003இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2006 டிசம்பரில் தீர்ப்பும், அது நிறைவேறாமையால் 2011 சனவரி 28இல் பட்டறைகளை மூடும் ஆணையும் பிறந்தன.

1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டப்படி, கழிவுநீர் வெளியிடும் தொழிலகத்தை நிறுவவும் இயக்கவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும். அதன் காலம் முடியும் நாளைக் குறித்து வைத்தலும், ஆய்வறிக்கைகளை எண்ணிட்டு இணைத்தலும் எழுத்தர் கடன். இவை விரிக்க வேண்டாதன. சொற்களே நம் கருத்திற்குரியன.

கல்வெட்டு வழக்கில் இசைவுதீட்டு என்பது ஒத்தவர் எழுதிக்கொள்ளும் உடன்படிக்கை. இசைவாணையிலோ இசைபவரே ஆணையிடுபவர். நிபந்தனை பிறழின் அதனை மீட்டுக்கொள்ளவும் வல்லவர். முரண்போலத் தோன்றினும் பொருளறிந்து படைத்த தொடரே இது. 'ஆணையுறுதி ஆவணம்' என்புழி ஆணை கட்டளையன்று, சூள். ஒரே வழக்குக் கட்டில் வாரியத்தின் ஆணையும் உழவரின் ஆணையும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன.

அந்தச் சூளிலேதான் இடர்ப்பாடு உளது. "தண்ணி உப்பாப் போச்சுங்க, மாடு மோந்து பாத்துட்டு வந்துருதுங்க" என்று உழவர் ஒருவர் கூறுவதாகக் கொள்வோம். உயர் நீதிமன்றத்திற்குரிய ஆவணம் ஆங்கிலத்தில் அமைவது. எழுத்தர் அதனை, 'கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்னும் வரம்பைக் கடந்தது' என்னும் பொருள்படத் தட்டச்சிடுகிறார். ஆங்கிலம் அறியாதார்க்கு அதனைத் தமிழிற் படித்து விளக்கியதாகக் குறிப்பும் சேர்தல் வேண்டும். விளக்குங்கால் திடப்பொருள் மீண்டும் உப்பாகிவிடும். உழவரும் தாம் கூறியதே எழுதப்பட்டதென நம்பிக் கையொப்பமிடுவர். மாடு மட்டும் ஏட்டில் இராது.

எண்ணின்றி வழக்கு நில்லாது என்பது உண்மையே. ஆயினும் எண் ஆய்வகத்தார் கண்டது. மாடு நீரை மறுத்தது உழவர் கண்டது. சூளுரைப்பவர் தாம் கண்டதற்கன்றோ சூளுரைத்தல் வேண்டும்! ஆதலின் உழவர் கூற்றை ஒரு பத்தியாகவும், ஆய்வறிக்கை எண்ணை அதன் இணைப்பெண்ணோடு மற்றொரு பத்தியாகவும் பிரித்தெழுதும் எழுத்தரே தம் தொழில் அறிந்தவர் என்பேன். ஆயக்கட்டுதாரர் என்னும் சொல்லை, பாரசீக விகுதி ஒட்டிய அவ்வடிவிலேயே, ஆங்கிலத் தீர்ப்பும் ஏற்றுக்கொண்டுள்ளது. மாடு முகர்ந்து மீண்டதை ஏற்க அம்மொழிக்குத் தடை யாதுமில்லை.