ஒப்பித்தலும் செய்கையும்: அமெரிக்க இல்லங்களில் சிறாருக்கான துப்பாக்கிப் பாதுகாப்புக் கல்வி

அமெரிக்காவின் தேசிய ரைஃபிள் சங்கம் 1988இல் 'எட்டி ஈகிள்' என்னும் சிறார் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. துப்பாக்கியைக் கண்டால் நிற்க வேண்டும், தொடக்கூடாது, அவ்விடத்தை விட்டு அகல வேண்டும், பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்னும் நான்கு படிகளைக் கழுகுப் பாத்திரம் ஒன்று கற்பிக்கிறது. இவை நான்கு வயதுக் குழந்தையும் ஒப்பிக்கக்கூடியவை. ஆயின், ஒப்பிக்கும் குழந்தை துப்பாக்கியை நேரில் காணுங்கால் அவ்வாறே நடக்குமா என்பது தனி வினா.

2001இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளிவந்த ஜாக்மன் குழுவினரின் ஆய்வு இவ்வினாவை நேரடியாக எதிர்கொண்டது. 8 முதல் 12 வயது வரையிலான 64 சிறுவர்கள் சிறு குழுக்களாக ஓர் அறையில் விடப்பட்டனர். அங்கிருந்த இழுப்பறையில் தோட்டா இல்லாத உண்மையான கைத்துப்பாக்கி மறைத்து வைக்கப்பட்டிருந்தது. ஒருவழிக் கண்ணாடியின் பின்னிருந்து ஆய்வாளர்கள் நோக்கினர். 29 குழுக்களுள் 21 குழுக்கள் துப்பாக்கியைக் கண்டெடுத்தன. அவற்றுள் 16 குழுக்களில் அது கையாளப்பட்டது. 10 குழுக்களில் விசையும் இழுக்கப்பட்டது. கையாண்டோருள் பெரும்பாலோர் முன்னரே ஏதேனும் ஒரு வகைப் பாதுகாப்பு அறிவுரை பெற்றவர்கள். துப்பாக்கியில் தம் மகனுக்கு நாட்டமில்லை எனப் பெற்றோர் கருதிய சிறுவர்களும் பிறரைப் போன்றே நடந்துகொண்டனர். பெற்றோரின் கணிப்பை நம்பும் எந்தப் பாதுகாப்பு முறைக்கும் இம்முடிவே பெரும் இடையூறு எனலாம்.

2004இல் ஹிம்லே குழுவினர் 4, 5 வயதுக் குழந்தைகளிடம் மேற்கொண்ட ஆய்வு வேறொரு கோணத்தைத் தருகிறது. எட்டி ஈகிள் திட்டத்தில் பயின்ற குழந்தைகள் விதிகளைச் சரியாகச் சொன்னார்கள். தாம் நோக்கப்படுவதை அறியாத சூழலில் அவற்றைப் பின்பற்றவில்லை. செய்துகாட்டல், ஒத்திகை, திருத்தம் ஆகியவற்றைக் கொண்ட நடத்தைத் திறன் பயிற்சி நடிப்புச் சூழலில் மேலான பயனைத் தந்ததேனும், அறியாச் சூழலில் அதுவும் போதவில்லை. குழந்தை தவறும் அதே இடத்திலேயே பயிற்சியாளர் தோன்றி மீண்டும் செய்யவைக்கும் முறையைப் பிற்கால ஆய்வுகள் பரிந்துரைத்தன. வாய்மொழித் தேர்வையே கற்றலின் அளவுகோலாகக் கொள்ளும் கல்வி மரபினர்க்கு இவ்வேறுபாடு அந்நியமானதன்று.

எனவே பொறுப்பு குழந்தையிடமிருந்து துப்பாக்கி உரிமையாளரிடம் நகர்கிறது. துப்பாக்கியைப் பூட்டி வைத்தல், தோட்டாவை நீக்கி வைத்தல், தோட்டாக்களைப் பூட்டி வைத்தல், அவற்றை வேறிடத்தில் வைத்தல் ஆகிய நான்கும் தனித்தனியே சிறார், பதின்ம வயதினரின் தற்கொலை மற்றும் விபத்துக் காயங்கள் குறைவதோடு தொடர்புடையன என 2005இல் கிராஸ்மன் குழுவினர் காட்டினர். தற்கொலை இங்கு இடம்பெறுவது கவனத்திற்குரியது: தொடாதே என்னும் பாடம் ஆர்வத்தால் தொடும் குழந்தைக்கானது, உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்த பதினாறு வயதினருக்கு அது எதையும் சொல்வதில்லை. பூட்டு இருவரையும் தடுக்கிறது. சிறார் கையில் துப்பாக்கி கிடைக்குமாறு விடும் உரிமையாளரைப் பொறுப்பாக்கும் சட்டத்தை புளோரிடா மாநிலம் 1989இலேயே இயற்றியது.