செத்த மாட்டின் கண்ணில் மிஞ்சும் தடயம்

திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில், இரவில் செத்த பசு விடிவதற்குள் வயிறு உப்பிவிடும். அதன்பின் எடுக்கும் ரத்தம் ரசாயனச் சோதனைக்கு அதிகம் உதவாது. செல்கள் உடைந்து பொட்டாசியம் கசிந்திருக்கும். குடல் பாக்டீரியாக்கள் உடலெங்கும் புகுந்திருக்கும். கண்திரவம் அத்தனை சீக்கிரம் கெடுவதில்லை. குடலிலிருந்து தள்ளி, கெட்டியான வெண்படலத்துக்குள், செல்கள் மிகக் குறைவான திரவமாக அது அடைபட்டிருக்கிறது.

மனிதச் சடலங்களின் கண்திரவ ரசாயனத்தை 1959-இல் நௌமன் என்பவர் ஆராய்ந்து எழுதினார். கால்நடை மருத்துவத்தில் இதற்குத் தனிப் பயன் உண்டு: உடலைத் திறக்காமலே மாதிரி எடுத்துவிடலாம். வெண்விழியின் பக்கவாட்டில் ஊசியைச் செலுத்தி, மெதுவாக இழுக்க வேண்டும். வேகமாக உறிஞ்சினால் விழித்திரைத் துணுக்குகளும் சேர்ந்து வந்து பொட்டாசிய அளவைக் கெடுத்துவிடும். லென்ஸுக்குப் பின்னால் இருப்பது முட்டை வெள்ளைக்கரு போன்ற கூழ். முன்னால் இருப்பது தண்ணீர் போன்ற திரவம்.

உதாரணமாக, உரம் அதிகம் போட்ட தீவனப்புல்லில், வறட்சிக்குப் பின் மழை பெய்ததும், நைட்ரேட் ஏறிவிடுவதுண்டு. அசைபோடும் வயிற்றில் அது நைட்ரைட்டாக மாறி, ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனைப் பறிக்கிறது. மாடு மூச்சுத் திணறிச் சாகும். ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருக்கும். ஆனால் நேரமாக ஆக அந்த நிறத்தை நம்ப முடியாது. கண்திரவத்தில் நைட்ரேட் தங்கியிருக்கும். குளிரில் வைத்தால் இன்னும் நெடுநாள் நிற்கும்.

மெக்னீசியக் குறைவால் வலிப்பு வந்து செத்த பசுவையும் இப்படிக் கண்டுபிடிக்கலாம். லென்ஸுக்குப் பின்னால் உள்ள கூழில் மெக்னீசியம் லிட்டருக்கு 0.55 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் சந்தேகம் வலுக்கும். இறந்து 48 மணி நேரம் வரை இது செல்லும் என்பார்கள். அது குளிர்நாட்டுக் கணக்கு. நம் வெக்கையில் அவ்வளவு நேரம் காத்திருப்பது சரியல்ல என்பது என் கருத்து. மரவள்ளி இலை தின்று சயனைடால் செத்த மாட்டுக்கோ கண்ணை நம்பிப் பயனில்லை. இரைப்பைச் சரக்கும் கல்லீரலும் வேண்டும்.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் பாலோட்டில் மாநில விலங்கு நோய் ஆய்வு நிலையம் இருக்கிறது. மாடு திடீரென்று செத்தால், புதைக்கும் அவசரத்தில் காரணத்தையும் சேர்த்துப் புதைத்துவிடாதீர்கள். மூக்கிலோ ஆசனவாயிலோ ரத்தம் கசிந்திருந்தால் அடைப்பான் நோயாக இருக்கலாம். உடலைத் தொடவோ அறுக்கவோ வேண்டாம், மருத்துவருக்குச் சொல்லுங்கள். மற்றபடி, அவர் வந்ததும் கண்திரவமும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மிச்சமிருக்கும் மாடுகளின் தீவனத்தை உடனே மாற்ற வேண்டுமா என்பதை அந்தச் சில மில்லிலிட்டர்தான் தெரிவிக்கக்கூடும்.