கிறிஸ்துமஸ் மரம் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் கவனியுங்கள்!

டிசம்பர் பிறந்துவிட்டால் மும்பை கிராபோர்டு மார்க்கெட்டில் கால் வைக்க இடம் இருக்காது. நட்சத்திரங்கள், வண்ண உருண்டைகள், ஜரிகைத் தோரணங்கள், சீரியல் விளக்குகள். அவற்றுக்கு நடுவே பச்சைப் பசேல் என்று வரிசையாக நிற்கும் கிறிஸ்துமஸ் மரங்கள். எல்லாம் பிளாஸ்டிக்!

ஊரில் இந்தக் கவலை இல்லை. நெல்லை, தூத்துக்குடி பக்கம் ஒரு சவுக்குக் கிளையை வெட்டி, மண் நிரப்பிய வாளியில் நட்டுவிட்டால் மரம் தயார். பண்டிகை முடிந்ததும் அது அடுப்புக்குப் போய்விடும். பத்துக்குப் பத்து அறையில் குடியிருப்பவர் மும்பையில் சவுக்குக்கு எங்கே போவார்?

"என்னங்க, பக்கத்து வீட்டிலே மரம் வைச்சிட்டாங்க. பிள்ளைங்க தினமும் அங்கே போய் நிக்குதுங்க" என்று வீட்டில் சொன்ன பிறகு, குமாஸ்தா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார். துணிமணி, பலகாரம், ஊருக்கு மணியார்டர் எல்லாம் போக மிஞ்சிய பணம் அது. வாங்கிய மரம் மறு வருஷமே மொட்டையாகிவிட்டால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

பிரஷ் செய்யும் வித்தை

செயற்கை மரம் நேற்று வந்ததல்ல. 19-ம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியில் வாத்து இறகுகளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றி, கம்பியில் சுற்றி மரம் செய்தார்கள். 1930-களில் பிரஷ் செய்யும் முறையிலும் மரங்கள் தயாராயின.

இன்று கடையில் உள்ள சாதாரண மரமும் அதே வித்தைதான். பி.வி.சி. தாளை மெல்லிய இழைகளாக நறுக்கி, இரண்டு கம்பிகளுக்கு நடுவே வைத்து முறுக்குகிறார்கள். பாட்டில் கழுவும் பிரஷ்ஷைப் பார்த்தால் புரியும். முறுக்கு இறுக்கமாக இருந்தால் இழை நிற்கும், தளர்ந்தால் உதிரும்.

இன்னொரு வகை, பாலி எத்திலீனை உருக்கி அச்சில் வார்ப்பது. நிஜக் கிளை போலவே இருக்கும். விலையும் அதிகம்.

கடையில் என்ன பார்ப்பது?

ஒரு கிளையைப் பிடித்து, அடியிலிருந்து நுனிவரை கையால் மெதுவாக உருவிப் பாருங்கள். கை நிறைய இழை வந்தால் அந்த மரம் வேண்டாம்.

உயரத்தை மட்டும் கேட்டு ஏமாறக் கூடாது. நுனிகள் எத்தனை என்றும் கேட்க வேண்டும். 4 அடி மரம் இரண்டில் ஒன்றுக்கு 150 நுனி, மற்றதற்கு 300 நுனி என்றால், இரண்டாவதுதான் அடர்த்தியாக நிற்கும்.

அடிப்பாகத்தின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். சிறிய அறைக்கு ஒல்லியான மரமே வசதி. மேலே நட்சத்திரம் வைக்க அரை அடியாவது இடம் வேண்டும். கால், பிளாஸ்டிக்கைவிட இரும்பாக இருந்தால் சாயாது.

வீட்டுக்கு வந்ததும் கீழ்க் கிளையிலிருந்து தொடங்கி, நுனிகளை ஒன்று இடம், ஒன்று வலம், ஒன்று மேலே என்று பிரித்துவிடுங்கள். அரை மணி நேர வேலை. சாதாரண மரமும் அடர்த்தியாகத் தெரியும்.

தீ எச்சரிக்கை!

பெட்டியில் 'தீத் தடுப்பு' என்று போட்டிருந்தாலும், அது எரியவே எரியாது என்று அர்த்தமல்ல. எளிதில் பற்றாது என்பதுதான். மெழுகுவர்த்தி பக்கத்தில் கூடாது. அதிகம் சூடாகாத எல்.இ.டி. விளக்கே நல்லது. பளபளக்கும் உலோக மரத்தில் மின்விளக்கு சுற்றவே கூடாது, ஷாக் அடிக்கலாம். நள்ளிரவு ஆராதனைக்குப் புறப்படும்போது சுவிட்சை அணைத்துவிட்டுப் போங்கள். சாலில் ஓர் அறையில் பிடித்த தீ, அந்த அறையோடு நிற்காது.

பழைய பி.வி.சி. மரங்களில் ஈயம் கலந்தது உண்டு. நொறுங்கித் தூள் கொட்டும் பழைய மரத்தைக் குழந்தைகள் தொட விடாதீர்கள்.

மழைக்காலம்தான் சோதனை

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் பலர் மரத்தை இறக்கிவிடுவார்கள். அப்படியே பரணில் எறிந்தால் மும்பை மழை ஈரத்தில் கம்பி துருப்பிடித்துவிடும். தூசி தட்டி, ஈரமில்லாமல் துடைத்து, பழைய சேலையில் சுற்றி, பிளாஸ்டிக் உறை போட்டுப் பெட்டியில் வையுங்கள்.

கணக்கு இதுதான். 600 ரூபாய் மரம் 2 வருஷம் வந்தால் வருஷத்துக்கு 300 ரூபாய். 1,200 ரூபாய் மரம் 10 வருஷம் வந்தால் 120 ரூபாய்தான்.

பெட்டியின் மேல் வாங்கிய வருஷத்தை எழுதி வையுங்கள். இன்று நட்சத்திரம் மாட்ட அப்பாவின் தோளில் ஏறும் பிள்ளை, ஒரு வருஷம் தானே எட்டி மாட்டும். அதுவரை மரம் நிற்க வேண்டாமா?